நான் வாசித்துக் காட்டாத வரி

தெரியாது என்றுதான் சொன்னேன், ராத்தா. இரண்டு கைகளையும் விரித்து உதட்டைப் பிதுக்கினேன். பொய் சொல்ல வாய் தேவையில்லை. கைகளும் சொல்லும்.

நீங்கள் மௌத்தாகி நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்து, வந்தவர்கள் போய், பெரிய சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்த பிறகு உங்கள் மகள் நஸீஹா என் வீட்டுக்கு வந்தாள். இடுப்பில் உங்கள் நூல் பெட்டி. நூற்கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். அடியில் நாலாக மடித்த ஒரு கடதாசி. அதை என் மடியில் விரித்தாள்.

கார்பன் வைத்து எழுதிய பிரதி. ஊதா எழுத்து மங்கிவிட்டது. மடிப்புகளில் கிழிசல். கஞ்சிப்பசையும் சாயமும் கலந்த மணம் வந்தது. தறியை விட்டு எழும்பி வரும்போது உங்கள் சீலையில் இருக்கும் அதே மணம். கையெழுத்து என்னுடையது. கீழே ஓரத்தில் உங்கள் பெருவிரல் அடையாளம்.

நடுவில் ஒரு வரியின் மேல் நீல நூல் ஓடியிருந்தது. வரியின் முதற்சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை, ஊசியால் குத்திக் குத்தி, சின்னச் சின்னத் தையல்கள். மற்ற வரிகளில் ஒரு துளை கூட இல்லை.

நஸீஹா அந்த நூலைத் தடவினாள். பிறகு பாதத்தால் நிலத்தை இரண்டு முறை மிதித்தாள். அது நீங்கள். தறி மிதிக்கும் உம்மா. பிறகு உள்ளங்கையை மலர்த்திப் புருவத்தை உயர்த்தினாள். ஏன்?

அவளுக்கு இப்போது பதினாலு வயது. ஒற்றைச் சொற்களை வாசிப்பாள். நீளமான வசனத்துக்குள் போனால் வழி தவறிவிடுவாள். வீட்டில் வைத்து அவ்வளவுக்குத்தான் என்னால் அவளைக் கூட்டிவர முடிந்தது. அந்தக் கடதாசியில் என்ன இருக்கிறது என்று அறிய என்னைக் கேட்பதைத் தவிர அவளுக்கு வழியில்லை. ஒரு காலத்தில் உங்களுக்கும் இருக்கவில்லை.

தெரியாது என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தை வாசிப்பதில் அவள் வழி தவறுவதில்லை. கடதாசியை என் மடியிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

இது நேற்று முன்தினம்.

*

கம்பஸ் முடித்து நான் மருதமுனைக்குத் திரும்பிய வருடத்தில்தான் சூறாவளி வந்தது. என்னிடம் ஒரு பெட்டி புத்தகம், ஒரு பட்டம். வேலை இல்லை. உங்களிடம் கூரை பறந்த வீடு, ஒரு தறி, ஐந்து வயது முடியப்போகும் காது கேளாத ஒரு பிள்ளை. உங்கள் கணவர் தோணியை மேலே இழுத்து வைக்கப் போனவர். மூன்றாம் நாள் பெரியநீலாவணைக் கரையில் உடலாகத்தான் கிடைத்தார்.

நாலு மாதம் பத்து நாள் இத்தா. வெள்ளைச் சீலையோடு, வாசல் தாண்டாமல், அந்நிய ஆண்கள் முன் வராமல் நீங்கள் இருக்க வேண்டிய காலம். தென்னங்கிடுகு போட்டு மூடிய உள்ளறையில் தறியோடு இருந்தீர்கள். இரண்டு வீடு தள்ளி இருந்த என்னிடம் உம்மா சோற்றுப் பாத்திரத்தைக் கொடுத்தனுப்புவார். முதல் நாள் பாத்திரத்தை வைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன். நீங்கள் விடவில்லை.

“கம்பஸ்ல என்ன புள்ள படிச்சாய்?”

“தமிழ், ராத்தா. மெய்யியலும்.”

“அதென்ன அது?”

“வாழ்க்கையைப் பற்றி யோசிக்கிறது.”

“அதுக்குப் பஸ் ஏறி மலநாட்டுக்குப் போனயா? இஞ்ச வந்து தறியில குந்து. யோசின தன்னால வரும்.”

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். நீங்களும் சிரித்துவிட்டு, சட்டென்று சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டீர்கள். மௌத்து வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டால் ஊர் என்ன சொல்லும். தறிக்குக் கீழே இருந்த நஸீஹாவுக்கு எங்கள் சிரிப்புக் கேட்கவில்லை. ஆனால் மிதி தடுமாறியது தெரிந்துவிட்டது. தலையை நீட்டிப் பார்த்தாள்.

அவள் எப்போதும் அங்கேதான் இருந்தாள். தறிக்கால் மரத்தில் ஒரு கையை வைத்தபடி. தறி ஓடும்வரை அவள் பாட்டுக்கு விளையாடுவாள், அல்லது தூங்குவாள். தறி நின்றால் நிமிர்வாள். அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் நீங்கள் மிதியை விட்டுக் காலைத் தூக்குவீர்கள். அவ்வளவுதான். உலகத்தில் எல்லா உம்மாமாரும் சத்தம் போட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள். நீங்கள் சத்தத்தை நிறுத்திக் கூப்பிட்டீர்கள்.

தண்ணீர் கொண்டுவந்து வைக்கும் பெண் ஒருத்தி ஒரு நாள் சொன்னாள்: “ஊமைக்கு என்னத்துக்குகா பள்ளிக்கூடம்? தறியில இருத்து. நாளைக்குச் சீதன வீடு கட்ட உதவும்.”

“உன்ட மகன் வாய் கிழியக் கதைக்கான்தானே,” என்றீர்கள், தறி நாடாவை நிறுத்தாமலே. “ஏழாம் வகுப்புல ரெண்டு வருஷம் குந்திரிக்கான். வாயா புள்ள படிக்கிற?”

அவள் குடத்தை வைத்துவிட்டுப் போனாள். அடுத்த நாளும் தண்ணீர் கொண்டுவந்தாள். உங்களோடு யாருக்கும் நெடுநாள் கோபம் நிற்பதில்லை. எனக்கு அது தெரியும்.

*

தை மாதம் முதலாம் வகுப்புக்குப் பிள்ளை சேர்க்கிறார்கள். உங்களால் போக முடியாது. உங்களுக்காகப் போகக் கூடப்பிறந்த ஆண்களும் இல்லை. உங்களுக்குப் பதிலாக ஒரு கடதாசிதான் போக வேண்டும்.

“நான் செல்லச் செல்ல எழுது,” என்றீர்கள். “நேர போனா நான் எப்படிக் கதைப்பனோ, அப்படியே. கூட்டாத, குறைக்காத.”

நீங்கள் தறியை நிறுத்திவிட்டு, சுவரில் சாய்ந்து, எதிரே பள்ளிக்கூடத்து அதிபர் இருப்பதுபோல நினைத்துக்கொண்டு பேசினீர்கள். நான் எழுதிக்கொண்டேன்.

“என்ட புள்ளைக்குக் காது கேக்கா, சேர். கண் ரெண்டும் நல்லாக் கேக்கும். பாவுல நூல் அறுந்தா எனக்கு முன்ன அவ காண்பா. நிறம் பன்னிரண்டு பிரிச்செடுப்பா. இருபது வரைக்கும் விரல்ல எண்ணுவா. கோவம் வரும். பொய்யும் செல்லுவா. சீனியத் திண்டிட்டுப் பூனையக் காட்டுவா. பொய் செல்லத் தெரிஞ்ச புள்ளைக்குப் படிக்கத் தெரியாதா? ஒண்டும் பெரிசா வேணாம் சேர். முன் வாங்குல ஒரு இடம். சேர்ட வாய் தெரியிற மாதிரி.”

முன்வரிசைப் பலகையில், முன் வாங்கில் ஓர் இடம். அவ்வளவுதான் நீங்கள் கேட்டது.

வீட்டுக்கு வந்து நல்ல தாளில் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் சொன்னதைத் திரும்ப வாசித்தேன். பூனை, சீனி. இதையா ஓர் அரசாங்கக் கந்தோருக்கு அனுப்புவது? கல்முனையில் மரத்தடியில் மேசை போட்டு மனு எழுதுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய மனுக்கள் எல்லாம் அழும். அழுகிற மனுவைத்தான் அதிகாரிகள் வாசிப்பார்கள் என்று ஊர் நம்புகிறது. நானும் நம்பினேன். அவர்களைவிட நன்றாக அழவைக்க முடியும் என்று நினைத்தேன். நான் படித்தவள்.

பூனையை வெட்டினேன். பன்னிரண்டு நிறத்தை வெட்டினேன். ஒரு முழுப் பகலும் ஒரு வசனத்தோடு இருந்தேன்.

ஒலி இறங்காத கிணற்றின் அடியில் கிடக்கும் கல்லைப் போன்றவள் இவள். எதையும் அறியாள், அறியவும் மாட்டாள்.

எழுதியதும் எழும்பி அறைக்குள் நடந்தேன். சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். கம்பஸில் படித்த எதுவும் எனக்கு அந்தச் சந்தோஷத்தைத் தந்ததில்லை. அந்தக் கல் உங்கள் மகள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. கல் நன்றாக இருந்தது. கிணறும் நன்றாக இருந்தது.

அடுத்த நாள் நீங்கள் கேட்டீர்கள்: “வாசி பாப்பம்.”

வாசித்தேன். கண் என் வரிகளில் ஓடியது. வாய் உங்கள் சொற்களைச் சொன்னது. ஒரு சொல் தவறாமல் எனக்கு நினைவிருந்தது.

“பூனைய எழுதினயா?”

“ஓம், ராத்தா.”

“முன் வாங்கு?”

“ஓம்.”

நீங்கள் தலையை ஆட்டிச் சிரித்தீர்கள். பெருவிரலை மையில் ஒற்றி இரண்டு தாளிலும் வைத்தீர்கள். ஒன்றை என்னிடம் தந்தீர்கள். கார்பன் பிரதியை ஊதிக் காயவைத்து நூல் பெட்டிக்குள் வைத்தீர்கள்.

“இது எனக்கு. நான் கதைச்சது இதுதானே.”

*

மனு அதிபர் வழியாகக் கல்முனைக் கல்விக் கந்தோருக்குப் போய், மாசியில் பதில் வந்தது. ஒரே வரி. பொருத்தமற்றவர். அதையும் உங்களுக்கு நான்தான் வாசித்தேன். அந்த முறை உள்ளபடியே வாசித்தேன்.

“அவங்க புள்ளையக் காணல்லியே,” என்றீர்கள். “நான் வெளிக்கிட்டாப் போறன். கண்டா விளங்கும்.”

சித்திரையில் இத்தா முடிந்தது. குளித்து, வெள்ளை மாற்றி, முதல் நாள் சொந்தக்கார வீடுகளுக்குப் போவதுதான் வழக்கம். நீங்கள் கல்முனைக் கல்விக் கந்தோருக்குப் போனீர்கள். நஸீஹாவுக்குப் பெருநாள் சட்டை. இரட்டைப் பின்னல். பஸ்ஸில் அவள் வெளியே போகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் காட்டி, ஒரு கைக்குப் பின்னால் ஒரு கையை வைத்து வைத்து எடுத்தாள். வரிசையில் போகிற பிள்ளைகள். பள்ளிக்கூடத்துக்கு அவள் வைத்த பெயர் அது. பிறகு தன் நெஞ்சைத் தொட்டாள். நீங்கள் ஓம் என்று தலையாட்டினீர்கள். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதிகாரி கெட்டவர் இல்லை. அதை எழுத வேண்டும். கதிரை எடுத்துப் போட்டார். பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். பைலை எடுத்தார்.

“உம்மா, நான் என்ன செய்ய? நீங்களே எழுதித் தந்திரிக்கிறீங்களே.”

“நான் எழுதினதுதான் சேர்,” என்றீர்கள். உங்கள் குரலில் பெருமை இருந்தது. “அதுலதான் எல்லாம் செல்லிரிக்கேன்.”

“எழுதினவர் நல்லாத்தான் எழுதியிருக்கார்,” என்றார் அவர். வாசித்தார்.

கிணறு. கல். அறியாள். அறியவும் மாட்டாள்.

கந்தோரில் விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. நஸீஹா மேசைக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சேர்,” என்றீர்கள். “அதத் திரும்ப ஒருக்கா வாசிங்க.”

அவர் திரும்ப வாசித்தார். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். ஒரு தரம்தான். நெடுநேரமும் இல்லை. தெரியாத வீட்டு வாசலைப் பார்ப்பதுபோல் பார்த்தீர்கள்.

அந்த இடத்தில் நீங்கள் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். இது நான் சொன்னதில்லை, இவள் எழுதியது, என்று. பக்கத்தில் குற்றவாளி நின்றாள். சொன்னால் பைலில் இருந்த அந்த வரிக்கு ஒரு பதிலும் ஆகியிருக்கும். நான் சொல்லியிருக்க வேண்டும். என் நாக்கு எழும்பவில்லை. ராத்தா, ஊமை அந்த அறையில் ஒருத்திதான் இருந்தாள்.

“அது அப்ப, சேர்,” என்றீர்கள். “இப்ப புள்ள வளந்திட்டா. பாருங்க.”

மடியிலிருந்து முடிச்சை அவிழ்த்தீர்கள். நூல் துண்டுகள். பன்னிரண்டு நிறம். கலந்து கசக்கி நஸீஹாவின் கையில் கொடுத்தீர்கள். அவள் ஒவ்வொன்றாக இழுத்து மேசைக் கண்ணாடியில் வைத்தாள். கருநீலம், நீலம், வெளிர்நீலம். பச்சைகள். மண்ணிறம். கடைசியில் வெள்ளை. ஒன்றையும் மாற்றி வைக்கவில்லை. பிறகு விரல்களை மடக்கி மடக்கிப் பன்னிரண்டு காட்டினாள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கெட்டிக்காரப் புள்ளதான். ஆனா இது தாய் விரல் வெச்ச கடதாசி. இத வெச்சுத்தான் மேல அனுப்பியாச்சு. கற்பிக்க இயலாதவர் எண்டு பதிஞ்சு வந்திட்டு. இப்ப நான் மாத்தி எழுதினா, அப்ப தாய் பொய் சென்னாவா எண்டு என்னக் கேப்பாங்க.”

நீங்கள் நூல்களைத் திரும்பப் பொறுக்கி முடிந்துகொண்டீர்கள். ஒன்று மேசைக்குக் கீழே விழுந்திருந்தது. அதையும் எடுத்தீர்கள்.

பஸ்ஸில் நஸீஹா உங்கள் மடியில் தூங்கிவிட்டாள். நீங்கள் கார்பன் பிரதியைக் கையோடு கொண்டுவந்திருந்தீர்கள். விரித்தீர்கள். வழி முழுக்க ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள்.

“அது எந்த வரிகா? காட்டு.”

விரலை வைத்துக் காட்டினேன். தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஓட்டினேன். நீங்கள் பார்த்துக்கொண்டீர்கள். நாலாக மடித்தீர்கள்.

*

எட்டு நாள் நான் வீட்டை விட்டு இறங்கவில்லை. ஒன்பதாம் நாள் நீங்கள் வந்தீர்கள். உங்களோடு பெரியநீலாவணையிலிருந்து ஒரு தமிழ்ப் பெண். கால் இரண்டும் சூம்பிய மகளை இடுப்பில் வைத்திருந்தாள். நடக்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் பள்ளிக்கூடம் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

“பேனைய எடு,” என்றீர்கள், ஒன்றும் நடக்காததுபோல. “இவவுக்கு ஒண்டு எழுதணும். இவ செல்லுவா, நீ எழுது.”

அழுதேன். மன்னிப்புக் கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. நீங்கள் கேட்டுக்கொண்டு நின்றீர்கள்.

“செரி. அழுது முடி. மறுகா எழுது.” பிறகு, சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள்: “ஆனா புள்ள, இனி எழுதிறது நீ. வாசிக்கிறது வேற ஆள்.”

வாசிக்க நீங்கள் பிடித்துவந்தது உங்கள் அடுத்த வீட்டு மாமியை. சின்னப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுப்பவர். அரபைத் தடங்கலில்லாமல் ஓதுவார். தமிழில் நாலாம் வகுப்பு. எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் வாசிப்பார். ‘அநாதரவான’ என்ற சொல்லில் மாமி மூன்று தரம் விழுந்தார்.

“வெட்டு,” என்றீர்கள்.

“அது நல்ல சொல், ராத்தா.”

“மாமி தடக்கினா அது எங்கட சொல் இல்ல. வெட்டு.”

“ஓம் மகள்,” என்றார் மாமி. “எனக்கும் மூச்சு வாங்குது.”

அப்படித்தான் நான் எழுதப் பழகினேன். மாமி தடக்கிய சொல்லையெல்லாம் வெட்டி. எழுதியது பிறகு அந்தத் தாய்க்கு மாமியின் வாயால் போகும். அவள், ஓம், நான் சென்னது இதான், என்று சொன்ன பிறகுதான் மைப்பெட்டியைத் திறப்பீர்கள். அதுவரை அதன் மூடியில் உங்கள் கை இருக்கும்.

நீங்கள் வீடு வீடாகப் போனீர்கள். பின்னறைகளில் இருந்த பிள்ளைகளை உங்களுக்கு எப்படியோ தெரிந்தது. கொடியில் காயும் துணிகளை எண்ணிப் பார்ப்பீர்கள் என்று ஒரு நாள் சொன்னீர்கள். “மூணு புள்ள எண்டு செல்லுறா, நாலு புள்ளட சட்ட காயுது. அப்ப ஒண்டு உள்ளுக்குள்ள இரிக்கி.” வாசலில் வெற்றிலைக்குக் கை நீட்டுவீர்கள். வெற்றிலை முடிவதற்குள் பின்னறைக் கதவு திறந்துவிடும். உங்களோடு நானும் பல கதவுகளுக்குள் போனேன். எல்லாத் தாய்மாரிடமும் முதலில் ஒன்றுதான் கேட்பீர்கள்: “உன்ட புள்ளைக்கு என்ன தெரியும்?” என்ன தெரியாது என்று கேட்டதே இல்லை. சில தாய்மாருக்கு அந்தக் கேள்வி விளங்கவே நேரம் எடுக்கும். பிறகு பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டார்கள்.

பெரியநீலாவணைப் பிள்ளைக்கு அங்கேயே இடம் கிடைத்தது. அடுத்த வருடம் சாய்ந்தமருதில் ஒரு பிள்ளைக்கு. கடதாசிகள் போய்க்கொண்டே இருந்தன. ஐந்தாம் வருடம் நம்முடைய பள்ளிக்கூடத்தில் இப்படியான பிள்ளைகளுக்கென்று ஓர் அறை ஒதுக்கினார்கள். பயிற்சி எடுத்த ஓர் ஆசிரியை வாரத்தில் மூன்று நாள் வந்தார். பழைய பதிவை யாரும் தேடவில்லை. நஸீஹாவின் பெயரும் எழுதப்பட்டது.

அவளுக்குப் பத்து வயது முடிந்திருந்தது.

முன் வாங்கில்தான் இருத்தினார்கள். ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு அடித்த வாங்கு. அவளுடைய முழங்கால் மேசையில் இடித்தது. பக்கத்தில் இருந்த சின்னதுகள் அவளை ஆசிரியை என்று நினைத்து எழும்பி நின்றன. ஒரு கிழமை போனாள். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையைத் தோய்த்து, காயவைத்து, மடித்து, என் வீட்டில் கொண்டுவந்து வைத்தாள். சின்னப் பிள்ளை யாருக்காவது கொடு என்று கையால் உயரம் காட்டினாள்.

நீங்கள் வாசலில் நின்றீர்கள். “வாங்கு சின்னது புள்ள,” என்றீர்கள்.

வாங்கு சின்னதாக இருக்கவில்லை, ராத்தா. அது அவளுக்குச் சரியாக இருந்த வருடத்தை நான் ஒரு வசனத்துக்குக் கொடுத்துவிட்டேன். நீங்கள் அதை ஒரு நாளும் என்னிடம் சொல்லவில்லை. என்னை ஒரு நாளும் வாசிக்கவும் விடவில்லை. எட்டு வருடம். ஒரு கல்யாண அழைப்பைக்கூட மாமியிடம்தான் நீட்டினீர்கள். நான் பக்கத்திலேயே இருப்பேன். என் தட்டில் மீன் வைப்பீர்கள். என் வேலைக்கடிதம் வந்த நாளில் என்னைவிடச் சத்தமாக அழுதீர்கள். அந்தக் கடிதத்தையும் மாமிதான் உங்களுக்கு வாசித்தார்.

*

நீங்கள் போன அன்று, லுஹர் தொழுகைக்கு முன். நஸீஹா தறிக்கு முதுகைக் காட்டி நிலத்தில் இருந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். தறி நின்றது. அவள் திரும்பவில்லை. அறுந்த நூலை முடியத்தான் நிறுத்துகிறீர்கள் என்று நினைத்தாள். எண்ணினாள். ஒரு நூலை முடிய இருபது போதும். இருபதுக்குப் பிறகும் நிலம் அசையவில்லை. திரும்பிப் பார்த்தாள். நெய்த துணியின் மேல் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருந்தீர்கள்.

இதை அவள் என்னிடம் விரல்களால் சொன்னாள். இரண்டு கைகளையும் இரண்டு தரம் விரித்தாள். இருபது. பிறகு ஒன்று, இரண்டு என்று காட்டி, கேட்டாள். இரண்டிலேயே திரும்பியிருந்தால்?

இல்லை என்றேன். அது பொய்யா உண்மையா என்று எனக்குத் தெரியாது.

மையவாடிக்கு உங்களைக் கொண்டுபோன பிறகு பெரியநீலாவணைப் பெண் வந்தாள். கலவரத்தால் ஊருக்கும் ஊருக்கும் நடுவே தெருவில் யாரும் போகாத நாட்கள் அவை. கடற்கரை வழியாக நடந்து வந்திருந்தாள். கூடவே மகள், இரண்டு கட்டைகளை ஊன்றி. மணலில் கட்டை புதையப் புதைய வந்திருக்கிறாள். தறிக்குப் பக்கத்தில் நின்று, சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்து நஸீஹாவிடம் நீட்டினாள். அந்த மகளே எழுதியது. “மாமி செத்துப்போனா. எனக்குக் கவலை.” உங்களை அவள் மாமி என்றுதான் கூப்பிடுவாள். நஸீஹா ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து வாசித்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பிள்ளையின் கையெழுத்து நேராக இருந்தது. வரியை விட்டு இறங்கவில்லை.

இப்போதும் வாரத்தில் யாராவது வருகிறார்கள். எழுதுகிறேன். எழுதியதை நான் வாசிப்பதில்லை. மாமிக்குக் கண் மங்கிவிட்டது. ஆனாலும் அவரிடம்தான் கொடுக்கிறேன். தடக்கிய சொல்லை வெட்டுகிறேன். உங்களிடமிருந்து எனக்கு வந்தது அந்த ஒன்றுதான். அதை நீங்கள் அன்போடு தந்தீர்களா, நம்பிக்கையில்லாமல் தந்தீர்களா என்று இவ்வளவு காலமும் யோசித்தேன். நீல நூலைப் பார்த்த பிறகு யோசிப்பதை விட்டுவிட்டேன். உங்களால் அந்த வரியை வெட்ட முடியவில்லை. பேனை பிடிக்கத் தெரியாது. பைல் கல்முனையில் இருந்தது. கையில் இருந்த பிரதியில், தெரிந்த வேலையால், ஒவ்வொரு சொல்லாக மூடியிருக்கிறீர்கள். மற்ற வரிகள் எல்லாம் நீங்கள் சொன்னவை என்று நினைத்து விட்டுவைத்திருக்கிறீர்கள்.

மற்ற வரிகளும் நீங்கள் சொன்னவை இல்லை, ராத்தா. பூனை அதில் இல்லை. முன் வாங்கு அதில் இல்லை. அதை நான் உங்களிடம் கடைசிவரை சொல்லவில்லை.

*

இதுவரை நேற்று எழுதினேன்.

இன்று அஸர் தொழுதுவிட்டு மாமியின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். நஸீஹா தறியில் இருந்தாள். எங்களைக் கண்டு மிதியை நிறுத்தினாள். கடதாசியை நெய்த துணியின் மேல் விரித்து, மாமியை அதற்கு முன்னால் இருத்தினேன். மாமி எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தார். வாசித்த ஒவ்வொரு சொல்லையும் நான் கையால் சொன்னேன். நீல நூலுக்கு வந்ததும் மாமி கடதாசியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார்.

“இது என்ன மகள்? கிணறா?”

“ஓம் மாமி. கிணறு.”

கிணறு என்று காட்டினேன். கல் என்று காட்டினேன். அறியாள், அறியவும் மாட்டாள். பிறகு அவளைக் காட்டினேன். பிறகு என் உள்ளங்கையில் விரலால் எழுதுவதுபோல் ஓட்டினேன். அவள் எனக்கு வைத்த பெயர் அது. எழுதினது நான். உம்மா சொன்னது வேறு. உம்மா சொன்னதை முதலிலிருந்து சொன்னேன். அறுந்த நூல், பன்னிரண்டு நிறம், இருபது விரல், சீனி, பூனை, முன் வாங்கு.

பூனையில் அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை.

கடதாசியை நாலாக மடித்தாள். நூல் பெட்டியின் அடியில் வைத்து, நூற்கட்டைகளை மேலே அடுக்கினாள். என் பக்கம் பார்க்காமல் தறியில் திரும்ப ஏறினாள்.

தறி ஓடத் தொடங்கியது. நான் மாமியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.